மிதித்தால் திணறும் வண்டி

அந்தத் தெருவில் அவருக்குப் பட்டாசு என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது, ஆனால் ஆள் அறிந்து வைத்திருந்தார்கள். திரி கிள்ளிப் பற்ற வைக்கக்கூட வேண்டாம். பக்கத்தில் நின்று சத்தமாக மூச்சு விட்டாலே போதும், வெடித்துவிடுவார். வண்டியை விட வருகிறவர்கள் சாவியை நீட்டும்போதே இரண்டடி தள்ளி நின்றுதான் நீட்டுவார்கள். இருந்தும் வந்தார்கள். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால் அவர் கை பட்டால்தான் சரியாகும் என்று ஊருக்கே தெரியும்.

அவருடைய அப்பா லாரி ஓட்டியவர். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். வந்து சட்டையைக் கழற்றிய கையோடு ஆணியில் தொங்கும் பழைய ஃபேன் பெல்ட்டை எடுப்பார். என்ன தப்பு செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "நான் இல்லாத ஆறு நாள்ல ஏதாவது பண்ணியிருப்பே" என்பதுதான் அவர் நியாயம். அந்த நியாயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, கோபம் வந்தால் வாய் திறக்கும் முன்பே கை போய்விடும். உதிரிபாகக் கடைக்காரன் பழைய பிளக்கைப் புதுப்பெட்டியில் போட்டுக் கொடுத்தான் என்று அவன் மூக்கை உடைத்தார். தங்கை கல்யாணப் பேச்சில் குரலை உயர்த்திய மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரை நாற்காலியோடு தூக்கி வாசலில் போட்டார். அந்தக் கல்யாணம் நடந்ததே பெரிய விஷயம்.

அவருக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் மனைவியை ஓர் அறை அறைந்தார். அவள் அழவில்லை. அடுப்பின் மேல் இருந்த இரும்புச் சட்டியை அதன் காதைப் பிடித்துத் தூக்கி, அவர் இடது காதோடு சேர்த்து ஒரு போடு போட்டாள். மூன்று நாள் அந்தக் காதுக்குள் ரயில் ஓடியது. நாலாம் நாள் ரயில் நின்றது, காதும் அதோடு நின்றுவிட்டது. வீட்டுக்குள் அவர் கை அதன்பிறகு நீளவில்லை. வெளியே நீள்வது மட்டும் குறையவில்லை.

மிச்சமிருந்த வலது காது ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது. என்ஜினை ஓடவிட்டு, கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எந்தச் சிலிண்டர் சோம்பேறித்தனம் பண்ணுகிறது, எங்கே காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் கோபம் இருக்காது. தூங்கும் குழந்தையின் மூச்சைக் கேட்கிற ஆள் போல இருப்பார்.

அந்த பிக்கப் வண்டி வந்தது ஒரு மத்தியான நேரம். பக்கத்து டயர் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். தகரக் கூரை காய்ந்து படபடவென்று சத்தம் போட்டது. வண்டிக்கு நாற்பது வயது இருக்கும். உருண்டை விளக்கு, பிரஷ்ஷால் அடித்த பச்சைப் பெயிண்ட், பின்னால் மரப்பலகைத் தொட்டி. ஓட்டி வந்தவனுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். தாடி, கறுப்புக் கண்ணாடி, தலையில் துண்டு.

"என்ன தம்பி செய்யுது?"

"நின்னா நல்லா நிக்குது அண்ணே. ரோட்டுல ஓடும்போதும் நல்லா ஓடுது. நிக்கிறதுக்கும் ஓடுறதுக்கும் நடுவுலதான் தகராறு. மிதிச்சா உடனே எடுக்க மாட்டேங்குது. ஒரு செகண்டு, ரெண்டு செகண்டு திணறுது. அப்புறம் எடுத்துட்டுப் போயிடுது. சில நேரம் டப்புன்னு ஒரு சத்தம்."

"சத்தம் முன்னாடியா, பின்னாடி சைலன்சர்லயா?"

"முன்னாடி."

பட்டாசுக்கு ஆளைப் பிடித்துப்போனது. முக்கால்வாசிப் பேர் வந்து "வண்டி சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு முழித்துக்கொண்டு நிற்பார்கள். இவன் டாக்டரிடம் சொல்வது போலப் புட்டுப் புட்டு வைக்கிறான்.

"நீயே வேலை செய்வியோ?"

"அய்யோ, எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே. ஓட்ட மட்டும்தான்."

இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு ஒன்றும் தெரியாதாம். அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தலையை உள்ளே விட்டார்.

ஓடி வந்த சூட்டோடு இருந்ததால், காற்றை மறைக்கும் சோக் தகடு முழுசாகத் திறந்து செங்குத்தாக நின்றது, அதில் குற்றமில்லை. பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தார், தாராளமாக வந்தது. கார்புரேட்டர் உட்காரும் இடத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். காற்று கசிந்தால் ஓட்டம் மாறும். மாறவில்லை. பிளக்குகளைக் கழற்றினார், நுனி வெளுத்திருந்தது. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று பிளக் சொன்னது. எப்போது போதவில்லை என்பதுதான் கேள்வி.

ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிக் கீழே வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு சின்ன பெட்ரோல் பாட்டிலை எடுத்தார். திணறும் வண்டிக்கு அவர் எப்போதும் செய்யும் சோதனை இது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். மிதிக்கிற அதே நொடியில் அவர் கார்புரேட்டரின் வாயில் நாலு சொட்டு பெட்ரோல் விடுவார். வண்டி திணறாமல் எடுத்தால், அந்த நொடியில் கிடைக்க வேண்டிய பெட்ரோல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஆபத்தான வேலை, செய்யாதீர்கள் என்று மனைவி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். அவர் யார் பேச்சைக் கேட்டார்? அவர் இப்படித்தான் செய்வார் என்பது அவரிடம் வண்டி விட்ட எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, உள்ள உக்காரு. ஸ்டார்ட் பண்ணு. நான் 'மிதி'ன்னு சொன்னாத்தான் மிதிக்கணும். புரிஞ்சுதா?"

"சரிண்ணே."

"மிதி."

நாலு சொட்டு விட்டார். என்ஜின் ஒரு இழுப்பில் உறுமிக்கொண்டு ஏறியது. துளித் திணறல் இல்லை. "அதான பார்த்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கார்புரேட்டரின் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோனார்.

அவர் வாயைத் திறக்கவில்லை. வண்டி தானாக உறுமியது. ஒரு நொடி என்ஜின் செத்தது போலத் தொங்கியது. பிறகு டப்பென்று வெடித்து, அந்தக் குழிக்குள்ளிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நீல நெருப்பு எழும்பியது. தலையைப் பின்னால் வெட்டி இழுத்ததில் பின்மண்டை பானெட்டில் மோதியது. புருவம் பொசுங்கிய வாடை மூக்கில் ஏறியது. பாட்டில் மட்டும் தப்பியது. பெட்ரோல் வைத்திருந்த கை, நல்லவேளையாக, முதுகுப் பக்கம் இருந்தது.

"டேய்! சொன்னப்புறம் மிதின்னு சொன்னேனா இல்லையா?"

"மிதின்னு கேட்டுச்சுண்ணே."

வேறு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார். அன்று இழுக்கவில்லை. ஒற்றைக் காதுக்காரர். தான் சொன்னோமா, முணுமுணுத்தோமா என்று அவருக்கே ஒரு சந்தேகம். அதோடு, கோளாறின் வாலைப் பிடித்துவிட்ட ஆவலில் கோபம் பின்னால் போய்விட்டது. "ஆஃப் பண்ணு" என்றார். பாட்டிலைப் பேட்டரி பக்கத்துத் தட்டில் வைத்தார்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார்புரேட்டருக்குள் ஒரு சின்ன பம்ப் வேலை செய்யும். மெல்லிய மூக்கு ஒன்றின் வழியாக ஒரு பீச்சு பெட்ரோலை உள்ளே அடிக்கும். அந்த ஒரு பீச்சுதான் வண்டியைத் தூக்கி விடுவது. நின்ற என்ஜினில் கையால் ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்துப் பார்த்தார். பீச்சவில்லை. மூக்கு நுனியில் வியர்வை போல ஒரு ஈரம் மட்டும் பூத்தது.

மேல்மூடியின் திருகாணிகளைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை வைத்தவர் ஒரு கணம் நின்றார். நாற்பது வருஷ அழுக்கு ஏறிய மூடியில், திருகாணிகளின் தலை மட்டும் புதுசாக மின்னியது. யாரோ சமீபத்தில் திறந்திருக்கிறார்கள். திறந்தார். பம்பின் தோல் பூவிதழ் போல மென்மையாக, புதுசாக இருந்தது. அடியில் இருக்கும் வால்வுக் குண்டு சுத்தம். பெட்ரோல் நிறைய நின்றது. எல்லாம் ஒழுங்காக இருந்தும் பீச்சவில்லை என்றால், மூக்குதான் அடைத்திருக்க வேண்டும்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். துளையில் வெளிறிய ஒரு புள்ளி. தையல் ஊசியால் நெம்பினார். வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கத்தியால் சீவிக் கூராக்கிய தீக்குச்சித் துண்டு. அரை நெல் நீளம்.

குப்பை என்றால் பெட்ரோல் டாங்கிலிருந்து வரும். உள்ளேயிருந்து வெளியே வந்து அடைக்கும். இது வெளியேயிருந்து உள்ளே போயிருக்கிறது. செருகி, மட்டமாக ஒடித்துவிட்டிருக்கிறார்கள்.

அவர் கண் தானாகப் பக்கத்தில், பிளக்குகளுக்கு நெருப்புப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போனது. அதைப் பிடித்திருக்கும் நட்டிலும் அதே புது மினுக்கம். பழைய பெயிண்ட் கோடு ஒரு விரல் அளவு விலகி இருந்தது. நெருப்புப் பொறியைத் தாமதமாக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் போதாமல் பொறியும் பிந்தினால், என்ஜின் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி நெருப்பைத் துப்பும். அதற்காகவே செய்த வேலை. திணறல் கோளாறே இல்லை. கண்ணி வைத்திருக்கிறார்கள். கையில் பெட்ரோல் பாட்டிலும், குழிக்கு நேராக முகமுமாக நிற்கிற ஒரே ஒரு ஆளுக்காக.

மிதின்னு கேட்டுச்சுண்ணே.

தலையை வெளியே எடுத்தார். அவன் வண்டியை விட்டு இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"யாருடா நீ?"

"எத்தனை பேரை அடிச்சிருந்தா இப்படி ஒரு கேள்வி வரும்!" என்றான் அவன். குரலில் இப்போது அண்ணே இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். இடது கண் பால் ஊற்றி வைத்தது போல வெள்ளையாக இருந்தது. "பெட்ரோல் பங்க். பன்னெண்டு வருஷம் முன்னாடி. காத்துப் பிடிக்கிற பைப்பு. ஞாபகம் வருதா, இல்ல பைப்புக்கும் ஒரு லிஸ்ட் வச்சிருக்கியா?"

வந்தது. முகம் வரவில்லை, சிரிப்பு வந்தது. பங்க்கில் வரிசையில் நின்ற ஒரு பையன், "இவர் டியூன் பண்ணா வண்டி பெட்ரோலைக் குடிக்காது, குளிக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். பத்துப் பேர் சிரித்தார்கள். அவர் கையில் அகப்பட்டது காற்றுக் குழாய். சுழற்றி வீசினார். பித்தளை முனை எங்கே பட்டது என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. பிறகு போலீஸ் வந்தது, சாட்சிகள் வந்தார்கள். எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து படிக்கட்டு விளிம்பில் முகம் மோதியது என்று நான்கு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். வழக்கு அதோடு முடிந்தது.

"நீ அடிச்சதுக்கு அடுத்த திங்கக்கிழமை எனக்கு லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸ் டெஸ்ட்" என்றான் அவன். "டாக்டர் ஒரு கண்ணை மூடிட்டுப் படிக்கச் சொன்னாரு. படிச்சேன். இன்னொண்ணை மூடிட்டுப் படின்னாரு."

இந்த இடத்தில் பட்டாசு கலங்கினார் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. அவருக்கு முதலில் வந்தது கோபம். பொசுங்கிய புருவம் எரிந்தது, தன் பட்டறையில், தன் முகத்தை, தன் கையாலேயே கொளுத்த வந்திருக்கிறான் என்பது எரிந்தது. கையில் இருந்த கார்புரேட்டர் மூடியோடு அவன் வாயில் குத்தினார். உதடு கிழிந்து பல்லில் ரத்தம் வழிந்தது. இரண்டாவது குத்து தாடையில் விழுந்தது. அவன் வண்டிக் கதவில் சரிந்தான், சரிந்த வேகத்தில் சீட்டுக்கு அடியில் கை விட்டான்.

ஜாக்கிக் கம்பி. அது இடது பக்கமாக வந்தது, அவருக்குக் காது இல்லாத பக்கம். வீச்சின் ஓசை கேட்கவில்லை. தோளில் விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தத்தை மட்டும் உடம்பு வழியாகக் கேட்டார். முட்டி போட்டு விழுந்தவர் அவன் காலைப் பிடித்து இழுத்துச் சாய்த்தார். இருவரும் கிரீஸும் மண்ணுமான தரையில் புரண்டார்கள். அவர் அவன் கழுத்தை நெரித்தார், அவன் அவர் புருவத்துப் புண்ணில் கட்டைவிரலை அழுத்தித் திருகினான். இரண்டு நாய்கள் கூடக் குரைத்துக்கொண்டுதான் சண்டை போடும், இவர்கள் வெறும் மூச்சைத்தான் விட்டார்கள்.

எழுந்திருக்க வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்தார். அந்தக் கையைத்தான் அவன் பார்த்தான். முட்டுக்கம்பியை எட்டி உதைத்தான். பானெட் முழுக் கனத்தோடு வந்து அவர் வலது கைவிரல்கள் மேல் விழுந்தது. அதற்கும் மேல் அவன் முழங்கையால் ஒரு முறை ஓங்கி அழுத்தினான். தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. அவர் அலறினார். தெருவில் யாரும் இல்லை.

அந்த உதையில் ஜாக்கிக் கம்பி அவன் கையை விட்டுப் பறந்து, பானெட் மூடுவதற்கு முன்பே உள்ளே விழுந்திருந்தது. பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே. தட்டில் வைத்த பாட்டில் கவிழ்ந்திருந்தது. இடுக்கு வழியாக வெள்ளை வெளேரென்று ஒரு பொறி மின்னியது. அடுத்த நொடி குப்பென்று பிடித்தது. பானெட்டின் விளிம்பெல்லாம் நெருப்பு நாக்கு நீட்டியது. அவர் கை உள்ளே மாட்டியிருந்தது. சட்டைக் கை பிடித்துக்கொண்டது.

அவன் வாசலுக்கு ஓடினான். ஓடியவன் வாசலில் நின்று திரும்பினான்.

அவர் அவனைப் பார்த்தார். காப்பாற்று என்று கேட்கவில்லை, கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கையை இழுத்தார், சதை கிழிந்தது, வரவில்லை. அவன் அந்த ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றான். இதற்காகத்தான் வந்தான். எத்தனை வருஷம் படுக்கையில் புரண்டு யோசித்து வைத்த காட்சி. நாலு மூச்சு விடும் நேரம் இருக்கும். அவருக்கு அது முடிவே இல்லாத நேரமாக இருந்தது.

பிறகு ஒரு வாளி மண் வந்து விழுந்தது.

சுவரில் தொங்கிய மண் வாளிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவன் வீசினான். தாழ்ப்பாளை வெறுங்கையால் நெம்பி பானெட்டைத் தூக்கினான். அந்தச் சூட்டில் அவன் உள்ளங்கைத் தோல் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "செத்துப் போ! செத்துப் போடா!" என்று கத்தினான். கத்திக்கொண்டே மண்ணை அள்ளி அவர் தோளில் எரிந்த சட்டையை அடித்து அணைத்தான். அழுதுகொண்டிருந்தான். வெள்ளைக் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டாசின் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே நுழைந்தாள். கண்ணில் பட்டது, தன் புருஷன் மேல் குனிந்து அடித்துக்கொண்டிருக்கும் ஒரு முரடன். அவள் விசாரிக்கிற ரகம் அல்ல. நாலடுக்குக் கேரியரைக் கைப்பிடியோடு சுழற்றி அவன் தலையில் இறக்கினாள். சோறும் குழம்பும் சிதற அவன் அவர் பக்கத்திலேயே மல்லாக்க விழுந்தான்.

"அடிக்காதே," என்றார் அவர். "அவன்தான் அணைச்சான்."

"கொளுத்தினது யாரு?"

"அவன்தான்."

"என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

ஆஸ்பத்திரியில் அவருக்கு மூன்று விரலில் கம்பி வைத்தார்கள், தோள்பட்டைக்கு மாவுக்கட்டு, முன்கைக்குத் தீப்புண் மருந்து. இரண்டு வார்டு தள்ளி அவன் உள்ளங்கைக்குக் கட்டுப் போட்டு, தலையில் ஏழு தையலோடு கிடந்தான். மறுநாள் காலை ஒரு போலீஸ்காரர் பேடும் பேனாவுமாக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நடந்ததைச் சொல்லுங்க."

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பெட்ரோல் பங்க்ல..."

"நேத்து நடந்ததைக் கேட்டேன்."

"அங்கதான் ஆரம்பம். நான் அவனை காத்துப் பைப்பால அடிச்சேன். கண்ணு போச்சு. வழுக்கி விழுந்தான்னு சொன்னது பொய்."

போலீஸ்காரர் பேனாவை மூடினார். "அது முடிஞ்சு போன கேசுங்க. அதைக் கிளறினா எனக்கும் தலைவலி, உங்களுக்கும் தலைவலி. நேத்து அவன் கம்பியால அடிச்சான், கொளுத்தினான். அதுக்கு மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

"போட்டா ரெண்டுக்கும் போடுவேன். இல்லேன்னா ஒண்ணுக்கும் இல்ல."

"வலது கையில கட்டு. இடது கையால பெருவிரல் வச்சாலே போதும்."

"விரலைப் பத்திப் பேசலய்யா நான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள்.

போலீஸ்காரர் நெடுநேரம் பேசிப் பார்த்தார். கடைசியில், பழைய வண்டியில் வேலை செய்யும்போது பெட்ரோல் பாட்டில் கவிழ்ந்து தீப்பிடித்தது என்று அவரே எழுதிக்கொண்டு எழுந்து போனார். இரண்டு பேருக்கும் கையெழுத்து வேலை இல்லாமல் போயிற்று.

அவர் போனபிறகு மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள். "அன்னைக்கு அந்த நாலு சாட்சி வீட்டுக்கும் போனது நான்தான். உங்களுக்குத் தெரியாது. வழுக்கி விழுந்தான்னு சொல்லுங்கன்னு காலைப் பிடிச்சுக் கேட்டேன். நாலாவது வீட்டுல ஒரு கிழவர், 'பையன் கண்ணு என்னம்மா ஆச்சு'ன்னு கேட்டாரு. லேசான காயம்தான்னு சொன்னேன். எனக்கு நிஜமாவே தெரியாது. தெரிஞ்சுக்கவும் போகல."

அன்று முழுவதும் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிக்கப் வண்டி பட்டறையிலேயே நின்றது. முன்பக்கம் கரி, ஒயர்கள் உருகித் தொங்கின, பச்சைப் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் அவர் பானெட்டைத் தூக்கினார். வலது கை பாதிக்கு மேல் மூடவில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடித்தால் நழுவி விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது அதை எடுத்துச் சுவரில் வீசியடித்தார். மனைவி போய் எடுத்து வந்தாள். திருப்பித் தரவில்லை, தானே வைத்துக்கொண்டாள்.

"எந்தத் திருகாணி?"

"அதெல்லாம் உனக்கு..."

"எந்தத் திருகாணின்னு கேட்டேன்."

அப்படித்தான் அந்த வேலை நடந்தது. அவர் சொல்வார், அவள் செய்வாள். புது ஒயர் இழுத்தார்கள். கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் ஊறப் போட்டார்கள். அந்த மூக்கின் துளையை அவள் ஊசியால் சுத்தம் செய்து, வாயால் ஊதி, வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு சொட்டு அளவு வானம் தெரிந்தது என்றாள். பம்புக்கம்பியை அழுத்திப் பார்த்தபோது மெல்லிய நேர்க்கோடாகப் பெட்ரோல் பீய்ச்சி அவள் மூக்கில் அடித்தது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய பெயிண்ட் கோட்டுக்குத் திருப்பினார்கள். "இன்னும் இம்மி. அதிகம் போயிட்ட. திரும்பி வா. அங்கதான், இறுக்கு" என்று வலது காதைச் சாய்த்தபடியே அவர் சொன்னார். இடையில் நூறு முறை சண்டை வந்தது. அடி மட்டும் இல்லை.

அவன் வரவில்லை. வண்டியை எடுக்க ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும், ஓட்டுநர் போடும் காக்கிச் சட்டை, மடித்து விட்ட கை. அவனுடைய அக்கா. வண்டி அவளுடையது. தம்பிக்கு லைசென்ஸ் இல்லாததால் ஓட்டுவது அவள், சரக்கு ஏற்றி இறக்குவது அவன். அன்று அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறான்.

"வண்டி ரெடியா?"

"ரெடி. ஓட்டிப் பாரும்மா."

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டார்ட் பண்ணி, ஓடவிட்டு, சடாரென்று அடிவரை மிதித்தாள். வண்டி ஒரு நூல் கூடத் தயங்காமல் எகிறியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. இன்னொரு முறை மிதித்தாள், இன்னொரு முறை. பிறகு ஆஃப் செய்துவிட்டு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவன் செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்கறதுக்காக நான் வரல. நீங்க செஞ்சதை மன்னிக்கவும் வரல. எனக்கு இந்த வண்டி வேணும், அதுக்கு வந்தேன்."

"தெரியுது" என்றார் அவர்.

அதன்பிறகு பட்டாசு யாரையும் அடிக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வருஷம் கழித்து, இரவல் தந்த ஜாக்கியைத் திருப்பித் தராத டயர் கடைக்காரரை இடது கையால் ஓர் அறை விட்டார். விட்டவுடனே தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே கடைக்காரர் வீட்டுக்குப் போய், அவர் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, "அடிச்சது நான், தப்பு என் பேர்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். டயர் கடைக்காரருக்கு அறை வாங்கியதை விட இதுதான் அதிகப் பயமாக இருந்ததாம். பட்டாசின் மனைவி இப்போது பட்டறையில்தான் இருக்கிறாள், முழு நேரமும். திருகாணி வேலை எல்லாம் அவள் கை. சாவியை நீட்டுகிறவர்கள் இரண்டடி தள்ளி நிற்பது மட்டும் மாறவில்லை. இப்போது யாருக்குப் பயந்து என்பதில்தான் ஊருக்குள் இரண்டு கருத்து.

அக்காக்காரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வண்டியைக் கொண்டுவருவாள். அடுத்த பட்டறை மூன்று மைல் தள்ளி, அதுதான் காரணம் என்று முதல் தடவையே சொல்லிவிட்டாள். வண்டியை விட்டு இறங்க மாட்டாள். ஒருமுறை பட்டாசுக்கு மனசு கேட்கவில்லை.

"தம்பி எப்படி இருக்கான்?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"கேக்கணும்னு தோணிச்சு."

"கேக்காதீங்க."

அவர் தலையை ஆட்டினார். மனைவி பானெட்டைத் தூக்கிப் பிடித்தாள். அவர் மூடாத விரல்களால் எண்ணெய்க் குச்சியை வெளியே இழுத்து, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டார்.